தட்டை இறக்கி வைத்தவள்

ஒரே தட்டை ஐந்நூறு வருடமாக நெஞ்சோடு சேர்த்து ஏந்திக்கொண்டு நிற்கிற ஒருத்திக்குக் கை கடுக்குமா கடுக்காதா, நீங்களே சொல்லுங்கள்? இடுப்பில் பிள்ளையும் கையில் குடமுமாகக் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றாலே நமக்கெல்லாம் தோள்பட்டை கழன்று விழுகிறது. அவளோ முதலில் கடலுக்கு அந்தப்பக்கம் எங்கேயோ, பிறகு கப்பலின் அடித்தட்டில், பிறகு எங்கள் புன்னைமுனைக் கோயிலின் இடப்பக்கச் சுவரில், உப்புக்காற்றிலும் சாம்பிராணிப் புகையிலும், பிள்ளைகள் அழுகிற சத்தத்திலும் ஆண்கள் தூங்கி விழுகிற பிரசங்கத்திலும், கை மாற்றிப் பிடிக்கக்கூட வழியில்லாமல் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். அதனால் பொங்கல் கழிந்த ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் தட்டைக் கீழே இறக்கி வைத்துவிட்டாள் என்று நான் சொன்னால், படத்தில் இருக்கிறவள் எப்படி வைப்பாள் என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. இத்தனை நாள் ஏன் வைக்கவில்லை என்றுதான் கேட்டோம்.

அது மரப்பலகையில் வரைந்த படம். பின்னால் முழுக்கத் தங்கப் பூச்சு, விடியற்காலைக் கடல் மாதிரி. நடுவில் ஒரு பெண், பச்சை அங்கி, மேலே சிவப்புப் போர்வை, மெலிந்த கழுத்து, தலைக்குப் பின்னால் வட்டமாக ஒளி, நம்மைப் பார்க்காமல் நம் தோளுக்குப் பின்னால் நிற்கிறவரைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. பாய்மரக் கப்பல் ஓடிய காலத்தில் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் அதைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தாராம். வந்த வாரமே காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டாராம். இவள் யார், என்ன பெயர் என்று சொல்ல அவருக்கு நேரம் இல்லை, கேட்க எங்கள் ஆட்களுக்கு அவர் பாஷையும் இல்லை. ஆனால் கண் இருந்ததே. பார்த்தார்கள். கையில் தட்டு. தட்டில் வெள்ளை வெளேரென்று உருண்டையாக இரண்டு, ஒவ்வொன்றின் உச்சியிலும் இளஞ்சிவப்பாக ஒரு பொட்டு. பார்த்த மாத்திரத்தில் ஊருக்கே விளங்கிவிட்டது, அது கொழுக்கட்டை.

அன்றிலிருந்து அவள் எங்களுக்குத் தட்டேந்தி அம்மா. தை மாதக் கடைசி வெள்ளி அவளுக்குத் திருவிழா. அரிசி மாவில் தேங்காயும் கருப்பட்டியும் வைத்து, உச்சியில் மாதுளஞ்சாறு ஒரு சொட்டு தொட்டு, ஜோடி ஜோடியாகத்தான் கொழுக்கட்டை பிடிப்போம். ஒற்றையாகப் பிடித்தால் மூத்தவர்கள் கையிலேயே அடிப்பார்கள். பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் அதைக் குவித்து, படத்தில் அவள் பிடித்திருப்பதைப் போலவே ஒருத்தி நெஞ்சோடு அணைத்து ஏந்திக்கொண்டு ஊரைச் சுற்றி வருவாள். வந்து முடிந்ததும் பால் கொடுக்கிற தாய்மாருக்கெல்லாம் ஒரு ஜோடி. தின்றால் பால் ஊறும். சுற்றுவட்டத்தில் எல்லாச் சாமியையும் கும்பிடுகிற பெண்களும் கைப்பிள்ளையோடு வந்து வாங்கித் தின்றுவிட்டுப் போவார்கள். ஊறவில்லை என்று திரும்பி வந்து சண்டை பிடித்தவள் ஒருத்தியும் கிடையாது.

தட்டு எடுப்பவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும், பிள்ளைக்குப் பால் கொடுத்தவளாக இருக்க வேண்டும், அங்கம் குறையாதவளாக இருக்க வேண்டும். யார் வைத்த வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத வழக்கம்தானே அசையாமல் நிற்கும்.

எஸ்கலின் அக்கா எனக்கு ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் தார்சிஸின் மனைவி. மூன்று பிள்ளை பெற்றவள். தலைப்பிள்ளை பிறந்ததிலிருந்து அவள்தான் தட்டு எடுத்து வந்தாள். அவள் எடுத்தால் யாரும் வாய் திறக்க முடியாது, ஏனென்றால் தாய்மார் மீன் கடவப் பெட்டியோடு முதல் பஸ் ஏறிப் போய்விட்டால், அழுகிற பிள்ளைகளை அவள் மடியில்தான் கொண்டு போடுவார்கள், இந்தப் பக்கம் சொந்தப் பிள்ளை, அந்தப் பக்கம் ஊர்ப் பிள்ளை என்று சிரித்துக்கொண்டே கொடுப்பாள், என் மூத்தவனும் நான் காய்ச்சலில் கிடந்த நாளெல்லாம் அவளிடம் குடித்தவன்தான். அந்த எஸ்கலின் அக்காவுக்குப் போன சித்திரையில் இடது மார்பில் கட்டி என்றார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் மார்பையே எடுத்துவிட்டார்கள். முடி கொட்டி, முளைத்து, மீன் குழம்பு வாடை மறுபடியும் பிடிக்க ஆரம்பித்து, ஆள் பிழைத்து வந்துவிட்டாள்.

நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள். வந்ததும் என்னிடம்தான் வந்தாள்.

"ஏட்டி சூசன், உள்ள வைக்கதுக்கு பஞ்சுல ஒண்ணு தைச்சுக் குடு. ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கணும். ஒருத்தியும் என் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்கா. எல்லாவளுக்கும் கண்ணு இங்கதான்."

இலவம் பஞ்சை அடைத்து, பழைய மல் துணியில் வட்டமாகத் தைத்துக் கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தாள், கடைக்கு வந்தாள், திருவிழாவுக்கு மாதர் சபை கூடிய ஞாயிற்றுக்கிழமை சபைக்கும் வந்து, எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள்.

சபைத் தலைவி பிரகாசியம்மா. நல்ல மனுஷிதான், புயல் நேரத்தில் தன் வீட்டு அடுப்பை ஊருக்கே திறந்துவிட்டவள். ஆனால் வழக்கம் என்று வந்துவிட்டால் கல் மாதிரி. தொண்டையைச் செருமிக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"இந்த வருசம் தட்டு ஜெனோவா எடுப்பா."

ஜெனோவா அவள் மருமகள். சிலை மாதிரி இருப்பாள், ஒரு குறை சொல்ல முடியாது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏன், எனக்கு என்ன?" என்றாள் எஸ்கலின் அக்கா.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. வழக்கம் சொல்லுது. அங்கம் குறையாதவன்னு இருக்குல்லா."

"வழக்கத்துக்கு வாய் இருக்கோ? இருந்தா கூரையப் பாக்காம என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும், பெரியம்மா."

பிரகாசியம்மா கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எஸ்கலின் அக்கா எழுந்து, சேலையை உதறி, போய்விட்டாள். நாங்கள் அத்தனை பேரும் மாவுக்கும் கருப்பட்டிக்கும் கணக்குப் போட உட்கார்ந்தோம்.

மறுநாள் காலைதான் கோயில் திறக்கப் போன உபதேசியார் தொம்மை, திறந்த கதவைச் சாத்தாமலே எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து நின்றார்.

"அம்மா தட்டைக் கீழ வச்சிட்டாவ," என்றார்.

"உடைஞ்சிருச்சா?" என்றேன். நான் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் வேறென்ன கேட்கத் தோன்றும்?

"இல்ல பிள்ள. பத்திரமாத்தான் வச்சிருக்காவ."

போய்ப் பார்த்தோம். படத்தின் அடியில் கல் பாவின தரை ஒரு விரற்கடை அகலத்துக்கு வரைந்திருக்கும்; அந்தத் தரையில், அவள் கால் விரல்களுக்குப் பக்கத்தில், தட்டு இருந்தது. கொழுக்கட்டை இரண்டும் அசங்காமல் இருந்தன. அவள் கைகள் இரண்டும் சும்மா தொங்கின, நாள் முழுக்கச் சுமை தூக்கினவள் வீட்டுக்கு வந்து கடவத்தை இறக்கிவிட்டு நிற்பாளே, அந்த மாதிரி.

"பாவம், கை கடுத்திருக்கும்," என்றாள் ஒருத்தி. "எப்பவோ வச்சிருக்கணும், பொறுமைக்காரி," என்றாள் இன்னொருத்தி. அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் ஊர் அதைப் பழகிக்கொண்டது. கைக்கடுப்புக்கு ஆகும் என்று ஒருத்தி எண்ணெய்க் குப்பியோடு வந்து, படத்தின் முழங்கையில் தேய்க்கவா என்று கேட்டு, சாயம் போய்விடும் என்று உபதேசியார் கும்பிட்ட பிறகு குப்பியை அப்படியே கீழே வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் அங்கே ஏழெட்டுக் குப்பி. ஆண்கள் கடற்கரையில் கூடி, ஆயர் இல்லத்துக்குச் சொன்னால் படத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், சொல்ல வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டுக் கிழிந்த வலை பொத்தப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தொங்கவிட்டு நின்று, தட்டேந்தி அம்மாவே வைத்துவிட்டாள் டீச்சர் என்றன.

வீடுகளில்தான் வேடிக்கை. சோறு போடச் சொன்ன புருஷன்மாருக்கு எங்கள் பெண்கள் தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் காட்டினார்கள். என் வீட்டுக்காரர் கிளிட்டஸ் கடலிலிருந்து வந்து உட்கார்ந்தபோது நானும் வைத்தேன்.

"என்னட்டி இது?"

"அவளே ஐந்நூறு வருசத்துக்குப் பெறகு இறக்கி வச்சிட்டா. நான் ஆறு வருசமா ஏந்துதேன். பானை அந்தா இருக்கு."

மனுஷன் என்னைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், எழுந்து போட்டுத் தின்றார். எனக்கும் ஒரு தட்டில் போட்டுக் கொண்டுவந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு அவர் இதைக் கேட்டால் மனத்தாங்கல் வரக் கூடாது.

பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். அதில் ஒருத்தி, "உங்க அம்மாவுக்கு உங்க கொழுக்கட்டை அலுத்துப் போச்சு போல," என்று சிரித்தாள். எங்கள் மீன்கார மரியந்தா விடுவாளா? "உங்க ஊரு கோயில்ல றெக்கை வச்ச மிக்கேல் சம்மனசு எத்தனை காலமா அந்தச் சாத்தான மிதிச்சிக்கிட்டே நிக்காரு, அது இன்னும் சாவல. எங்க அம்மா எடுத்த வேலைய முடிச்சிட்டு நிக்கா," என்றாள். வேன் சத்தமில்லாமல் போயிற்று.

நானும் ஒரு நாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். தட்டு மறைத்திருந்த இடம் இப்போதுதான் முதல் தடவையாகத் தெரிந்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் அந்தப் பச்சை அங்கி ஒரு மேடு இல்லாமல், கொடியில் காயப்போட்ட துணி மாதிரி நேராக விழுந்தது. தையல்காரி கண் அங்கேதானே போகும். இதில் மார்புக்கு டார்ட் பிடிக்க வேலையே இல்லையே, வரைந்தவனுக்குப் பெண் உடம்பு வரையத் தெரியவில்லை போல, அதனால்தான் தட்டை வைத்து மறைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

எஸ்கலின் அக்கா மட்டும் பார்க்கப் போகவில்லை. "வா அக்கா, ஊரே பாத்தாச்சு," என்றால், "அவ தட்டு, அவ இஷ்டம். என்கிட்ட ஏன் கேக்க," என்பாள். வலியும் சம்பளமும் இல்லாத வேலைகளாகத் தேடித் தேடிச் செய்தாள். துடைத்த கதவைத் திரும்பத் துடைத்தாள், காய்ந்த துணியை மறுபடி காயப்போட்டாள். என் கைப்பிள்ளை அவளைப் பார்த்துக் கையை நீட்டினால் கன்னத்தைத் தட்டுவாள், தூக்க மாட்டாள். தூக்கினால் அது பழக்கத்தில் நெஞ்சில் முகத்தை வைத்துத் தேடும் என்று அவளுக்குப் பயம்.

திருவிழாவுக்கு முந்தின நாள் கோயில் வளாகத்தில் நாங்கள் அத்தனை பேரும் மாவில் கை வைத்திருந்தோம். சுவர் ஓரமாக ஜெனோவா கல் ஏற்றிய தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து பழகிக்கொண்டிருந்தாள். நடக்கையில் முகத்தைச் சுளித்தாள், கை இறங்கியது, மறுபடி ஏற்றினாள். பிரகாசியம்மாவுக்கு மனசு சரியில்லை. ஊரில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது, அதனால்தான் அம்மா தட்டை வைத்துவிட்டாள் என்று நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போன வருடம் கருப்பட்டியில் யாரோ சீனி கலந்தார்கள் என்று ஒரு கட்சி, ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுப் போட்டதுதான் காரணம் என்று ஒரு கட்சி. அந்த நேரம் பார்த்துப் பங்குச் சாமியார் கஸ்பார் அந்தப் பக்கமாக வந்தார். சின்ன வயசு, பேசும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"சாமி, நீங்க சொல்லுங்க. கொழுக்கட்டையில என்ன குத்தம்?" என்றாள் பிரகாசியம்மா.

சாமியார் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துப் போட்டு, கழற்றி, மறுபடி துடைத்தார்.

"அது கொழுக்கட்டை இல்லம்மா," என்றார்.

மாவு பிசைகிற சத்தம் நின்றது.

"பின்ன என்ன சாமி, பன்னா?"

"பன்னும் இல்ல."

"தேங்காய் மூடியா?"

சாமியாருக்குக் கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவள் பெயர் ஆகத்தம்மாள். சிசிலி என்று கடலுக்கு நடுவில் ஒரு தீவு, அங்கே பிறந்த பெண். அந்த ஊர் அதிகாரி அவளைப் பெண் கேட்டான், மாட்டேன் என்றாள். சாமியை விடு என்றான். அதற்கும் மாட்டேன் என்றாள். அந்தக் கோபத்தில் அவன் ஆள் விட்டு அவள் மார்பு இரண்டையும் அறுக்கச் சொன்னான். அறுக்கும்போது அவள் அவனைப் பார்த்து, நீ சின்னப் பிள்ளையில் எதைக் குடித்து வளர்ந்தாய் என்று மட்டும் கேட்டாளாம். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். வேதசாட்சியாகச் செத்தாள். இத்தாலிக்காரன் எவனோ முட்டை மஞ்சள்கருவில் சாயம் குழைத்துப் பலகையில் அவளை வரைந்தபோது, அவளிடமிருந்து எடுத்ததை அவள் கையிலேயே தட்டில் கொடுத்து நிற்க வைத்தான்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள் மரியந்தா.

"எல்லாச் சாமியாருக்கும் தெரியும். மாற்றலாகிப் போறவர் வாறவர் காதுல சொல்லிட்டுப் போவார். பெண்கள்கிட்ட எப்படிச் சொல்லுறதுன்னு…"

"நல்லா இருக்கு. நாங்க வச்சிருக்கத எங்ககிட்டச் சொல்ல உங்களுக்கு வெக்கமாக்கும்," என்றாள் மரியந்தா.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை, பிறகு ஒருத்திக்கு வந்தது, பிறகு எல்லோருக்கும் வந்து, வந்த வேகத்திலேயே அழுகையாக மாறி, மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்து, எல்லோருடைய முகமும் வெள்ளையாகிவிட்டது. "அப்போ இத்தனை காலமா நாம பிடிச்சது?" என்று யாரோ தன் கையில் இருந்த உருண்டையைப் பார்த்தாள். "சரியாத்தான பிடிச்சிருக்கோம்," என்றாள் மரியந்தா. "பேருதான் தெரியாது. பாலுக்குத்தான கேட்டோம், பாலுதான வந்துது." பூசையில் சாமியார் வேகமாக வாசித்துப் போகிற புனிதர் வரிசையில் ஆகத்தம்மாள் என்றும் ஒரு பெயர் வரும், அது எங்கள் தட்டேந்தி அம்மா என்று தெரியாமலே அதற்கு எத்தனை தடவை ஆமென் சொல்லியிருக்கிறோம்.

பிரகாசியம்மா மட்டும் எழுந்து கோயிலுக்குள் போனாள். படத்துக்கு எதிரே நின்றாள். தட்டைப் பார்த்தாள், தொங்குகிற கையைப் பார்த்தாள், மேடில்லாத அந்தப் பச்சை அங்கியைப் பார்த்தாள். அவள் வெளியே வந்தபோது வழக்கத்துக்கு மாறாக ஆட்கள் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அங்கம் குறைஞ்சவ காலடியில உக்காந்துக்கிட்டு, அங்கம் குறையாதவ வேணும்னு சொல்லியிருக்கேன். கை கடுத்து வைக்கல அவ."

மாவுக் கையோடே எஸ்கலின் அக்கா வீட்டுக்கு நடந்தாள். நாங்களும் பின்னால் போனோம். நடந்ததை எல்லாம் சொன்னாள். எஸ்கலின் அக்கா கேட்டுக்கொண்டே மீன் ஆய்ந்தாள்.

"பாவம் பாத்துத் தாற தட்டு எனக்கு வேண்டாம், பெரியம்மா."

"பாவம் பாக்க நான் யாருட்டி? தப்பு என்னுது. நீதான் எடுக்கணும்."

"எப்படி எடுக்க?" எஸ்கலின் அக்கா அரிவாள்மணையைத் தள்ளினாள். "இந்தக் கையில எடை தாங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, வீங்கிரும். நெஞ்சோட அணைச்சுப் பிடிக்க ரெண்டு கை வேணும். எனக்கு ஒண்ணரைக் கைதான். உங்க வழக்கம் ஒரு விதத்துல சரிதான், போங்க."

மாவு காய்ந்த கையோடே திரும்பிப் போனோம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவளே என் வாசலில் வந்து நின்றாள். பட்டுச் சேலை இல்லை, சும்மா நூல் சேலை. "வா, அவளப் பாத்துட்டு வருவோம்," என்றாள். கோயிலில் அப்போது ஆள் இல்லை. அக்கா படத்தின் முன்னால் நின்றாள். நான் பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு பின்னால் நின்றேன். தரையில் இருந்த தட்டிலிருந்து கழுத்து வரைக்கும் அவளைப் பார்த்தாள். பிறகு, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள்:

"ஏட்டி, இவ உள்ள ஒண்ணும் வச்சு அடைக்கல, பாத்தியா."

பூசை முடிந்தது. வெளியே மேளம், வெடி, சுற்றுவட்டத்துச் சனம், பந்தலுக்கு அடியில் கைப்பிள்ளைகளின் அழுகை. ஜெனோவா தாம்பாளத்தின் முன்னால் நின்றாள். கொழுக்கட்டை கோபுரமாகக் குவிந்து ஆவி பறந்தது. அவள் குனிந்து அணைத்துத் தூக்கப் போகையில் எஸ்கலின் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"தள்ளு பிள்ள."

ஜெனோவா தள்ளினாள். அக்கா அத்தனை பேர் நடுவில் நின்று, முந்தானைக்குள் கையை விட்டு, நான் தைத்துக் கொடுத்த பஞ்சு வட்டத்தை வெளியே எடுத்தாள். உதறினாள். உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டித் தட்டையாக்கி, தலையில் சும்மாடாக வைத்தாள். மீன் கடவம் தூக்குகிறவளுக்குச் சும்மாடு வைக்க யார் சொல்லிக் கொடுக்க வேண்டும்?

"தூக்கி விடுங்க," என்றாள்.

தட்டு தலையில் போய்ப் பழக்கமே இல்லை. நெஞ்சோடு பிடிப்பதுதான் முறை. பிரகாசியம்மாதான் முதலில் வந்து ஒரு பக்கம் பிடித்தாள், ஜெனோவா மறுபக்கம் பிடித்தாள், தாம்பாளம் எழும்பி எஸ்கலின் அக்காவின் தலையில் போய் உட்கார்ந்தது. அக்கா கழுத்தை ஒரு தடவை ஆட்டிச் சரி பண்ணிக்கொண்டாள். இரண்டு கையையும் விட்டுவிட்டாள். நடந்தாள்.

அந்த நடையை நான் எப்படிச் சொல்வேன்? விடியற்காலையில் ஏலக்களத்திலிருந்து பஸ்சுக்கு ஓடுகிற எங்கள் பெண்களின் நடைதான், ஆனால் அவசரம் இல்லாத நடை. தலையில் தாம்பாளம் அசையவில்லை, கை இரண்டும் வீசின, சேலை காற்றில் ஒட்டி ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் சமதரையுமாக இருந்தது, அதை மறைக்கத் தட்டும் இல்லை, கையும் இல்லை, அவள் மறைக்கவும் நினைக்கவில்லை. வடக்குத் தெருவில் வலை பொத்துகிறவர்கள் எழுந்து நின்றார்கள், கடற்கரைத் தெருவில் வள்ளத்தில் இருந்தவர்கள் தலைப்பாகையை அவிழ்த்தார்கள், வேனில் வந்து சிரித்துவிட்டுப் போன பக்கத்து ஊர்க்காரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள், தார்சிஸ் அத்தான் வெடி கொளுத்த மறந்து திரியைப் பிடித்தபடியே கூட நடந்தார், நாங்கள் அத்தனை பெண்களும் பின்னால் வரிசையாக, முதுகு நிமிர்ந்து, எங்கள் ஊரைப் பார், எங்கள் பெண்ணைப் பார், எங்கள் ஆகத்தம்மாளைப் பார் என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டு நடந்தோம். எங்கும் வைக்கப்படாமல், ஒரு கொழுக்கட்டைகூட உருளாமல், தட்டு ஊரைச் சுற்றி வந்து கோயில் வாசலுக்குச் சேர்ந்தது.

அம்மா இப்போது தட்டை எடுத்திருப்பாள் என்று எல்லோரும் உள்ளே ஓடினார்கள். எடுக்கவில்லை. தட்டு தரையிலேயே இருந்தது. கை தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"இன்னும் கோவம் தீரலயோ?" என்றார் உபதேசியார்.

"கோவமா?" என்றாள் பிரகாசியம்மா. "இனி அவ எதுக்கு எடுக்கணும்? எடுக்க ஆள் இருக்குல்லா." இன்றுவரை அது தரையில்தான் இருக்கிறது. வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பந்தலுக்கு அடியில் அக்கா உட்கார்ந்து ஜோடி ஜோடியாக எடுத்துக் கொடுத்தாள். வரிசையில் வந்த பெண்கள் இப்போது அவள் முகத்தைப் பார்த்து வாங்கினார்கள். என் கைப்பிள்ளை அவள் மடிக்குத் தாவியது, வாரி வைத்துக்கொண்டாள், அது முகத்தை அங்கும் இங்கும் தேய்த்துத் தேடிப் பார்த்துவிட்டு, அந்தச் சமதரையிலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிப்போயிற்று.

கடைசியாக ஜெனோவா வந்தாள். அக்கா இரண்டு கொழுக்கட்டையை நீட்டினாள். ஜெனோவா வாங்கவில்லை. மாமியார் பக்கத்தில் நிற்கிறாள், ஊர் சுற்றிலும் நிற்கிறது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை, தலையைக் குனியவில்லை. தன் வலது மார்பின் ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

"இங்க எனக்கு ஒரு கட்டி இருக்கு. கார்த்திகையில இருந்தே இருக்கு, யார்ட்டயும் சொல்லல. நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்கக்கா."